பெரிய ஏ, சின்ன ஏ, நம்ம ஊர் ‘பொ’

ஒரு தமிழ் நூலகத்தின் கணினி ‘பொன்னியின் செல்வன் இல்லை’ என்று சொன்னால் யாருக்கும் சிரிப்பு வரும். அந்தத் தேடல் பெட்டியை எழுதியவன் நான் என்பதால் எனக்கு வரவில்லை.

சின்ன ஊர் நூலகம். புத்தக அட்டவணையை யாரோ எப்போதோ பழைய எழுத்துருவில் அடித்து வைத்திருந்தார்கள். பிறகு வேறு யாரோ அதை யூனிகோடுக்கு மாற்றியிருந்தார்கள். மாற்றிய கோப்பு என் கைக்கு வந்தது. ஒரு சனி, ஒரு ஞாயிறு உட்கார்ந்து தேடல் எழுதிக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை, அதனால் பெருமை கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது. ஒவ்வொரு தலைப்பும் தமிழில் ஒரு பத்தியிலும் ஆங்கில எழுத்தில் ஒரு பத்தியிலும் இருந்தது. ஆங்கில எழுத்தில் பெரிய எழுத்தாக அடித்தாலும் புத்தகம் வரும், சின்ன எழுத்தாக அடித்தாலும் வரும், கேப்ஸ் லாக்கை மறந்துவிட்டுக் கன்னாபின்னாவென்று அடித்தாலும் வரும். அதற்கு நான் பட்ட பாடு என்ன தெரியுமா? தேடல் வடிவத்தின் கடைசியில் ‘ஐ’ என்ற ஒற்றை ஆங்கில எழுத்தைச் சேர்த்தேன். அவ்வளவுதான்.

அடுத்த வாரம் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் வந்து தமிழிலேயே ‘பொன்னியின்’ என்று அடித்தார். முடிவுகள் எதுவும் இல்லை. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மறுபடி அடித்தார். இல்லை. அவர் முதுகுக்குப் பின்னால் அலமாரியில் 5 பாகமும் வரிசையாக நின்றுகொண்டிருந்தன.

“என்ன தம்பி, இங்கிலீஷ்ல எப்படிக் கேட்டாலும் எடுத்துக் குடுக்குது. தமிழ்ல சரியாக் கேட்டாலும் இல்லேங்குது?”

“ஏதோ டேட்டா பிரச்சினை சார், பார்க்கிறேன்” என்றேன்.

அது பொய். தப்பு என்னுடையது. என்னுடையது மட்டுமில்லை என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

*

நிரல் எழுதாதவர்களுக்காகச் சில வரிகள். ரெகுலர் எக்ஸ்பிரஷன், செல்லமாக ரெஜெக்ஸ், என்பது ஒரு சொல்லைத் தேடாமல் ஒரு சொல்லின் சாயலைத் தேடுவதற்கான குறிமொழி. ‘க-வில் ஆரம்பித்து ன்-இல் முடியும் எதுவாக இருந்தாலும் எடு’ என்று கணினிக்குச் சொல்லலாம். 1950களில் ஸ்டீபன் கிளீனி என்ற கணிதவியலாளர் கோட்பாடாக எழுதினார். 1968-இல் கென் தாம்ப்சன் அதைத் தேடலுக்குப் பயன்படுத்தும் வழியைக் கட்டுரையாக வெளியிட்டார். யூனிக்ஸின் கிரெப், பிறகு பெர்ல், பைத்தான், ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் என்று இன்று அது இல்லாத இடமே இல்லை. நீங்கள் ஒரு படிவத்தில் மின்னஞ்சல் முகவரியைத் தப்பாக அடித்ததும் சிவப்புக் கோடு வருகிறதே, பல சமயம் அதற்குப் பின்னால் இருப்பது இதுதான்.

இந்தக் குறிமொழிக்குச் சில கொடிகள் உண்டு. அதில் பிரபலமானது ‘ஐ’. பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற வித்தியாசத்தைப் பார்க்காதே என்பது அதன் பொருள். நம்ம ஊர் ஒன்றாம் வகுப்பில் பெரிய ஏபிசிடி, சின்ன ஏபிசிடி என்று சொல்லிக்கொடுப்பார்களே, அந்த இரண்டும் மனிதருக்கு ஒரே எழுத்து. கணினிக்கு இல்லை. அதற்குப் பெரிய ஏ 65, சின்ன ஏ 97. இரண்டு எண், இரண்டு எழுத்து.

ஆனால் அந்த எண்களைக் கவனியுங்கள். 97-இல் 65 போனால் 32. பெரிய பி-க்கும் சின்ன பி-க்கும் நடுவிலும் 32. இசட் வரைக்கும் அதே 32. இரும எண்ணில் அது ஒரே ஒரு பிட். 1963-இல் ஆஸ்கி தரம் முதலில் வந்தபோது சின்ன எழுத்துகளே அதில் இல்லை. அவற்றின் இடம் காலியாகக் கிடந்தது. 1967 திருத்தத்தில் சின்ன எழுத்துகள் வந்தன, ஒரு பிட்டைத் தட்டினால் பெரியது சின்னதாகும்படியாக. தங்கள் எழுத்துக்கு எந்த வித்தியாசம் வித்தியாசம் இல்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த அறிவை அட்டவணையிலேயே வைத்துத் தைத்துவிட்டார்கள். அதன்மேல் கட்டியதால்தான் ‘ஐ’ இவ்வளவு மலிவாக இருக்கிறது.

இதில் எனக்குப் பொறாமை உண்டு, கோபம் இல்லை. தன் வீட்டுக்குத் தானே திண்ணை கட்டிக்கொள்வதில் என்ன தப்பு?

கோபம் வேறு இடத்தில். பாடப் புத்தகங்களும் காணொளி வகுப்புகளும் இந்தக் கொடியைப் பொதுவான மனித வசதியாகச் சொல்லிக்கொடுக்கின்றன. ‘பயனர் எப்படி அடித்தாலும் கிடைக்க வேண்டுமா? ஐ போடுங்கள், முடிந்தது.’ எந்தப் பயனர்? எந்த எழுத்தில்? ஜாவாவில் இந்தக் கொடியை மட்டும் போட்டால் ஆஸ்கியின் ஆங்கில எழுத்துகளுக்குத்தான் வேலை செய்யும். ரஷ்யருக்கும் கிரேக்கருக்கும் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் தாராளமாக உண்டு. ஆனாலும் அவர்கள் யூனிகோடு கேஸ் என்று இன்னொரு கொடியைச் சேர்த்து ஏற்ற வேண்டும். ‘எப்படி அடித்தாலும்’ என்பதற்குள் யார் யார் இருக்கிறார்கள் என்பது அங்கே வெட்டவெளிச்சம்.

*

சரி, பெரிய எழுத்து சின்ன எழுத்து உள்ளவர்களுக்காவது இது சுகமான சமாச்சாரமா என்றால் அதுவும் இல்லை.

துருக்கியைப் பாருங்கள். 1928-இல் அங்கே அரபு எழுத்தை விட்டு லத்தீன் எழுத்துக்கு மாறினார்கள். அவர்கள் மொழியில் புள்ளி வைத்த ‘ஐ’ வேறு, புள்ளி இல்லாத ‘ஐ’ வேறு. இரண்டும் வேறு வேறு உயிர். புள்ளி வைத்ததற்குப் பெரிய எழுத்திலும் புள்ளி உண்டு; புள்ளி இல்லாததற்கு எதிலும் இல்லை. ஆங்கிலேயரின் பெரிய ஐயைச் சின்னதாக்கினால் தலையில் புள்ளி முளைக்கும். துருக்கியரின் பெரிய ஐயைச் சின்னதாக்கினால் முளைக்கக் கூடாது. எனவே துருக்கி மொழி அமைப்பில் ஓடும் கணினியில் ஜாவா நிரல் ஒரு ஆங்கிலச் சொல்லைச் சின்ன எழுத்தாக்கும்போது அது வேறு சொல்லாகிவிடும், அடுத்து வரும் ஒப்பீடு தோற்கும், நிரல் படுத்துவிடும். நிரலாளர்கள் நடுவே ‘துருக்கி சோதனை’ என்றே ஒரு பேச்சு உண்டு. நம் நிரல் துருக்கியில் ஓடுமா என்று கேட்டுப்பார்ப்பது. வேடிக்கை என்னவென்றால் சோதனை என்ற பேரில் நாம் துருக்கியரைத்தான் விதிவிலக்காக நிற்க வைக்கிறோம்.

ஜெர்மனியில் எஸ்ஸெட் என்று ஒரு எழுத்து. நெடுங்காலம் அதற்குப் பெரிய வடிவமே அதிகாரபூர்வமாக இல்லை. பெரிதாக எழுதினால் இரண்டு எஸ் ஆகிவிடும். 2017-இல்தான் அவர்களுடைய எழுத்துமுறைக் குழு பெரிய எஸ்ஸெட்டை ஏற்றுக்கொண்டது. ஒரு எழுத்து இரண்டாக விரிவதை பைத்தானின் ‘ஐ’ கொடி கண்டுகொள்ளாது. ஜார்ஜிய மொழி நெடுநாள் பெரிசு சின்னது இல்லாத எழுத்தாகவே கணினியில் இருந்தது. 2018-இல் வந்த யூனிகோடு 11-இல் அதன் தலைப்பு எழுத்து வரிசையைச் சேர்த்து இரண்டையும் ஜோடி போட்டார்கள். ஒரு மொழிக்கு ‘கேஸ்’ இருக்கிறதா இல்லையா என்பதே பேசி முடிவு செய்கிற விஷயம் என்று அன்றைக்கு எனக்கு உறைத்தது.

எனக்கு மிகவும் பிடித்தது பைத்தானின் ஆவணத்தில் சின்னதாகக் கிடக்கும் ஒரு குறிப்பு. ஏ முதல் இசட் வரை என்று வடிவம் எழுதி ‘ஐ’ கொடியையும் போட்டால் 52 எழுத்து பொருந்த வேண்டும் அல்லவா? 56 பொருந்தும். கூடுதலாக வரும் நாலு பேர் யார்? துருக்கியின் புள்ளி வைத்த பெரிய ஐ, புள்ளி இல்லாத சின்ன ஐ, பழைய ஐரோப்பிய அச்சில் இருந்த நீட்டிய எஸ், வெப்பநிலையைக் குறிக்கும் கெல்வின் குறி.

கடைசி ஆளைக் கொஞ்சம் நிறுத்தி விசாரியுங்கள். கெல்வின் குறி என்பது பார்வைக்கு அச்சு அசல் பெரிய கே. பழைய தரங்களில் தனியாக இருந்ததால் யூனிகோடிலும் தனி எண் வாங்கியது. அதாவது, ஒரே உருவம், இரண்டு எண். அந்தக் குறியையும் ‘ஐ’ கொடி ‘ஏம்ப்பா, நீயும் கேதானே, உள்ளே வா’ என்று சேர்த்துக்கொள்கிறது. கிரேக்கத்தில் சொல்லின் கடைசியில் வரும் சிக்மாவுக்கு ஒரு வடிவம், நடுவில் வருவதற்கு வேறு வடிவம். இரண்டுமே சின்ன எழுத்து. அவையும் இந்தக் கொடிக்கு ஒன்றுதான். பேர்தான் பெரிசு சின்னது பார்க்காதே என்பது; காரியத்தில் அது ‘வாசிப்பவருக்கு ஒன்றாகத் தெரிவதை நீயும் ஒன்றாக எடு’ என்கிறது.

அப்படியானால் என் ‘பொ’ என்ன பாவம் செய்தது?

*

இந்த இடத்தில் நம் ஆட்கள் சிலர் எழுந்து நிற்பார்கள். ‘தமிழில் பெரிய எழுத்து சின்ன எழுத்து என்ற ஏற்றத்தாழ்வே இல்லை, அதனால் இந்தப் பிரச்சினையும் இல்லை.’ சமூக ஊடகங்களில் இது ஒரு சுற்று வந்துகொண்டே இருக்கும், ஒரு பெருமிதத்தோடு. எனக்கு இதைக் கேட்டால் பற்றிக்கொண்டு வரும். முதலாவது, இந்திக்கும் இல்லை, அரபுக்கும் இல்லை, சீனத்துக்கும் இல்லை. தனி மகுடம் எதுவும் நமக்கு இல்லை. இரண்டாவது, கண்ணுக்கு ஒன்றாகவும் கணினிக்கு வேறாகவும் இருப்பதுதான் பிரச்சினை என்றால், அதில் நாம் கோடீஸ்வரர்கள்.

‘பொ’வில் ஆரம்பிக்கலாம். ‘பொ’வை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ப-வுக்கு அடுத்து ஒகரத்துக்கான ஒரே குறி. அல்லது ப-வுக்கு அடுத்து ஒற்றைக்கொம்பு, அதற்கு அடுத்து கால். திரையில் இரண்டும் ஒரே ‘பொ’. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் தெரியாது. என் நூலக அட்டவணை, பழைய எழுத்துருவிலிருந்து மாறி வந்ததால், கொம்பும் காலுமாகப் பிரிந்து கிடந்தது. ஆசிரியரின் விசைப்பலகை ஒரே குறியாக அடித்தது. எனவே ‘பொ’வும் ‘பொ’வும் ஒன்றில்லை என்று கணினி தீர்ப்பு சொல்லிவிட்டது. ‘கோ’வுக்கும் ‘கௌ’வுக்கும் இதே கதை.

ஸ்ரீயை எடுங்கள். ஸ-வில் தொடங்கியும் எழுதலாம், 2005-இல் யூனிகோடுக்குள் வந்த ஶ-வில் தொடங்கியும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே கூட்டெழுத்தாகவே தெரியும். ஸ்ரீரங்கத்தில் இருப்பவரோ, பெயரிலேயே ஸ்ரீ உள்ளவரோ, ஒரு பட்டியலில் தன்னைத் தேடினால் எந்த ஸ்ரீ என்று யாரிடம் போய்க் கேட்பார்?

‘கௌரி’ என்ற பெயர் இணையத்தில் எத்தனை இடத்தில் ‘கெளரி’ என்று கிடக்கிறது என்று பாருங்கள். முதலாவதில் ஔகாரக் குறி. இரண்டாவதில் கொம்பு போட்டு, ள என்ற முழு எழுத்தை அடித்திருக்கிறார்கள். அச்சில் வித்தியாசம் தெரியாது. ஆனால் எழுத்தாகப் பார்த்தால் இரண்டாவது ‘கெ-ள-ரி’. இது தவிரத் தமிழ் எண்ணான ௧-உம் உயிர்மெய் க-வும், ௨-உம் உ-வும், ௭-உம் எ-வும் தோற்றத்தில் இரட்டைப் பிள்ளைகள். கண்ணுக்கே தெரியாத இணைப்பான்களும் பிரிப்பான்களும் வேறு சொல்லின் இடுக்குகளில் ஒளிந்திருக்கும்.

இவ்வளவுக்கும் பிறகு ரெஜெக்ஸ் தமிழை வெட்டுகிற அழகைப் பார்க்க வேண்டும். பைத்தானின் இயல்பான ரெஜெக்ஸ் நூலகத்தில் ‘சொல்லெழுத்து’ என்று ஒரு குறி உண்டு. அதை வைத்து ‘தமிழ்’ என்ற சொல்லைப் பிரித்தெடுக்கச் சொன்னால் ‘தம’ என்று ஒன்றும் ‘ழ’ என்று ஒன்றும் வரும். இகரக் குறியும் புள்ளியும் அதற்கு எழுத்தே இல்லை, வெறும் ஒட்டு. ஜாவாஸ்கிரிப்டில் அதே குறிக்கு ஒரு தமிழ் எழுத்துகூடப் பொருந்தாது. ‘ஏதாவது ஒரு எழுத்து’ என்று பொருள்படும் முற்றுப்புள்ளி, ‘மி’யில் பாதியைத்தான் பிடிக்கும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ‘தமிழ்’ என்றால் 3 எழுத்து என்று விரல்விட்டு எண்ணும். இயந்திரம் 5 என்கிறது. இந்த இயந்திரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு ‘நமக்குப் பிரச்சினையே இல்லை’ என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும்.

*

பெருமைக்காரர்களை விடுங்கள். இன்னொரு கூட்டம் இருக்கிறது. அதில் நானும் பல வருஷம் இருந்தேன். ‘எல்லாம் வெள்ளைக்காரன் பண்ணினது, யூனிகோடு நம்மை ஏமாற்றிவிட்டது’ என்று புலம்பும் கூட்டம். புலம்பலில் உண்மை கொஞ்சம் இருக்கலாம். ஆனால் என் ‘பொ’ விவகாரத்தில் யூனிகோடு தன் வேலையைச் செய்திருக்கிறது. இரண்டு ‘பொ’வும் சமம் என்று அது தெளிவாக வரையறுத்திருக்கிறது. இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர இயல்பாக்கம் என்ற செயல்முறையையும் கொடுத்திருக்கிறது. பைத்தானில் அதற்கு ஒரு வரி. ஜாவாஸ்கிரிப்டில் 2015 முதல் ஒரு வரி. ஜாவாவின் ரெஜெக்ஸில் இந்தச் சமத்துவத்தைப் பார்க்கச் சொல்ல ஒரு தனிக் கொடியே உண்டு. ஸ்விஃப்ட் மொழியில் இரண்டு ‘பொ’வையும் ஒப்பிட்டால் கேட்காமலேயே சமம் என்று சொல்லும்.

அந்த ஒரு வரியை நான் எழுதவில்லை. ஆங்கிலத்துக்கு ‘ஐ’ போட என் விரலுக்குத் தெரிந்திருந்தது. தமிழுக்கு என்ன போட வேண்டும் என்று என் மூளை கேட்கவே இல்லை. சோதித்துப் பார்த்தபோதுகூட ஆங்கிலத்தில் ஆறு விதமாக அடித்துப் பார்த்தேன். தமிழில் ஒரு விதமாக, அதுவும் அட்டவணையிலிருந்தே நகலெடுத்து ஒட்டிப் பார்த்தேன். நகலெடுத்தால் பொருந்தாமல் என்ன செய்யும்? இதை எந்த வெள்ளைக்காரன் தலையில் கட்டுவது?

ஆட்களே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். ஓப்பன் தமிழ் என்ற திறந்த மூல நூலகம் சொல்லை நாம் எண்ணுவதுபோலவே எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தருகிறது. தன்னார்வலர்கள் சத்தமில்லாமல் உழைக்கிறார்கள். ஆனால் தமிழ் மென்பொருள் எழுதும் நம்மில் பெரும்பாலோர் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. அரபு எழுத்தில் அலிஃப் என்ற எழுத்துக்குத் தலையிலும் காலிலும் குறிகளோடு பல வடிவம் உண்டு. தேடும்போது அவற்றை ஒன்றாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற விதியை எழுதி, லூசீன் என்ற பிரபலமான தேடல் நூலகத்தில் வைத்துவிட்டார்கள். உலகத்தில் யார் அரபுத் தேடல் எழுதினாலும் அந்த விதி அவர்களுக்குத் தயாராகக் காத்திருக்கிறது. எது வித்தியாசம், எது வித்தியாசம் இல்லை என்று தங்களுக்குள் பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார்கள். நாம் அந்தப் பேச்சையே இன்னும் சரியாக ஆரம்பிக்கவில்லை.

*

இலக்கியம் படிக்கிற உங்களிடம் வந்து இதை ஏன் சொல்கிறேன் என்று கேட்கலாம். காரணம் உண்டு. இயல்பாக்கத்தைத் தாண்டிய எந்த முடிவையும் நிரலாளன் தனியாக எடுத்தால் நாசம் செய்துவிடுவான். நான் செய்தேன்.

ஆசிரியர் போன பிறகு, ரோஷம் வந்து, ‘கெளரி’களை எல்லாம் ‘கௌரி’ ஆக்குகிறேன் என்று கிளம்பினேன். விதி சுலபம்: கொம்புக்குப் பின்னால் ள வந்தால் இரண்டையும் சேர்த்து ஔகாரக் குறி ஆக்கு. ஓடவிட்டேன். ‘வெள்ளி’யில் இருந்த ள காணாமல் போய்ப் புள்ளி அந்தரத்தில் தொங்கியது. ‘தெளிவு’ தெளிவில்லாமல் போனது. ‘கெளுத்தி’ மீன் செத்தது. சரி, ள-வுக்குப் பின்னால் புள்ளியோ வேறு குறியோ இருந்தால் தொடாதே என்று விதியைத் திருத்தினேன். இனி பாதுகாப்பு என்று நினைத்தேன். ஒரு சிறுகதைத் தொகுப்பின் குறிப்பில் ‘வெளங்காத பய’ என்று ஒரு தொடர் இருந்தது. என் விதி அதை ‘வௌங்காத பய’ ஆக்கியது.

பேச்சுத் தமிழில் இகரம் எகரமாவது நம் கதைகளின் உயிர். வெளக்கு, வெளயாட்டு, எளநீர் என்று எழுதிய ஒவ்வொரு கதாசிரியரும் யோசித்துத்தான் எழுதியிருக்கிறார். ‘வெளக்கு’ தப்பில்லை, ‘கெளரி’ தப்பு என்பது எந்த யூனிகோடு அட்டவணையிலும் இல்லை. அது உங்கள் காதில் இருக்கிறது. நிரலாளன் காதில் அது விழாவிட்டால் ஒரு வட்டாரத்தின் பேச்சையே திருத்தப்பட வேண்டிய பிழையாக எடுத்துக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாகச் சுத்தம் செய்துவிடுவான். மறுநாள் யாருக்கும் தெரியாது. நல்லவேளை, என்னிடம் பழைய கோப்பின் பிரதி இருந்தது.

ஆங்கிலத்துக்கே ‘ஐ’ கொடி இலவசம் இல்லை. ‘போலிஷ்’ என்று பெரிய பி போட்டால் போலந்துக்காரர். சின்ன பி போட்டால் அதே எழுத்துகள் ‘பாலிஷ்’, செருப்புக்குப் போடுவது. கொடியை ஏற்றியதும் இரண்டும் ஒரே குவியலில் விழும். வித்தியாசம் பார்க்காமல் இருப்பது என்றால் ஏதோ ஒரு தகவலைக் கீழே போடுவது. எதைக் கீழே போடலாம் என்று தெரிந்தவர்தான் போட வேண்டும்.

நமக்கு இது புதுசும் இல்லை. ஓலைச்சுவடிகளில் புள்ளி வைக்கும் வழக்கம் பெரும்பாலும் கிடையாது. எகரமும் ஏகாரமும், ஒகரமும் ஓகாரமும் ஒரே கொம்பில் ஓடும். காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். சுவடி முழுக்க ஒரு பிரம்மாண்டமான ‘வித்தியாசம் பார்க்காதே’ கொடி ஏறியிருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையரும், அதே ஆண்டில் கலித்தொகையைப் பதிப்பித்த சி.வை. தாமோதரம் பிள்ளையும் உட்கார்ந்து செய்தது என்ன? யாப்பை வைத்து, பொருளை வைத்து, உரையை வைத்து, இது மெய், இது உயிர்மெய், இது கால், இது ரகரம் என்று தொலைந்துபோன வித்தியாசங்களை ஒவ்வொன்றாக மீட்டெடுத்தார்கள். வித்தியாசத்தைத் தொலைப்பது எவ்வளவு சுலபம், திரும்பக் கொண்டுவருவது எவ்வளவு உழைப்பு என்று நம்மைவிட யாருக்குத் தெரியும்?

மறுபக்கமும் நம்மிடம் உண்டு. 1935-இல் பெரியார் குடி அரசில் புழக்கத்துக்குக் கொண்டுவந்த எழுத்துகளைத் தமிழ்நாடு அரசு 1978-இல் ஏற்றுக்கொண்டது. றா, னை, லை போன்றவற்றின் பழைய சுழி வடிவங்கள் போய் இப்போதைய வடிவங்கள் வந்தன. யூனிகோடில் பழைய லைக்கும் புதிய லைக்கும் ஒரே எண்தான். வித்தியாசம் எழுத்துருவோடு நின்றுவிடுகிறது. பழைய வடிவத்தில் காட்டினாலும் புதிய வடிவத்தில் காட்டினாலும் தேடல் ஒன்றாகவே எடுக்கும். வெளிப்படையாக, சண்டை போட்டு, ஒரு சமூகமாக எடுத்த முடிவு அது. அதனால்தான் கணினியில் அது ஒரு பிரச்சினையாகவே வரவில்லை.

*

அதனால் என் கட்சி இதுதான்.

ஒரே எழுத்துக்கு இரண்டு எண் இருந்தால், ‘பொ’வைப் போல, யாரையும் கேட்க வேண்டாம், எப்போதும் ஒன்றாக எடு. தேடப்படும் உரையையும் தேடும் வடிவத்தையும் சேர்த்து இயல்பாக்காமல் தமிழ்த் தேடல் எழுதுவது, ஆங்கிலத் தேடலைப் பெரிய எழுத்துக்கு மட்டும் எழுதிக் கொடுப்பதற்குச் சமம். அப்படி ஒரு ஆங்கிலத் தேடலை யாராவது கொடுத்தால் சிரிப்போம். தமிழில் கொடுத்தால் ‘டேட்டா பிரச்சினை சார்’ என்கிறோம்.

தோற்றத்தில் மட்டும் ஒன்றாக இருப்பவற்றை, கெளரியை, இரண்டு ஸ்ரீயை, ௧-வையும் க-வையும், தேடும்போது ஒன்றாக எடு. ஆனால் மூலத்தில் கை வைக்காதே. எழுதியவர் எழுதியபடியே கிடக்கட்டும். தேடலுக்கென்று ஒரு நிழல் பிரதி வைத்துக்கொண்டு அதில் மட்டும் விளையாடு.

மனிதரே வேறு வேறாக எழுதுபவற்றை, இராமனையும் ராமனையும், ஜெயத்தையும் செயத்தையும், பயனர் கேட்டால் மட்டும் ஒன்றாக எடு. அங்கே இருப்பது பிழை இல்லை, நிலைப்பாடு. தன் பெயரை இகரத்தோடுதான் எழுதுவேன் என்பவருக்கு அப்படி எழுத உரிமை உண்டு. தேடுபவருக்குக் கண்டுபிடிக்கவும் உரிமை உண்டு. இரண்டையும் காப்பாற்ற முடியும். ரகர றகரத்தையும், லகர ழகர ளகரத்தையும் ‘மக்கள் குழப்பிக்கொள்கிறார்கள்’ என்ற சாக்கில் கேட்காமலே ஒன்றாக்கும் தேடலை நான் நம்ப மாட்டேன். கரியும் கறியும் ஒரே தட்டில் வந்தால் யார் சாப்பிடுவது?

எந்த வித்தியாசம் எந்தக் கட்டத்தில் சேரும் என்ற பட்டியலை நிரலாளர்கள் மட்டும் எழுதினால் என் ‘வௌங்காத பய’ மாதிரி ஆகும். இலக்கண ஆசிரியர்கள் மட்டும் எழுதினால் ‘வெளக்கு’ என்பதே கூடாது என்று முடியும். இரண்டு பேரும் கதை படிப்பவர்களோடு ஒரே மேசையில் உட்கார வேண்டும். ‘ஐ’ என்ற ஒற்றை எழுத்துக்குப் பின்னால் அப்படி உட்கார்ந்தவர்களின் அரை நூற்றாண்டு உழைப்பு இருக்கிறது. நமக்கு அது வானத்திலிருந்து இறங்கி வராது.

நூலகத் தேடலைச் சரிசெய்துவிட்டேன். இரண்டு வரி பிடித்தது. ஆசிரியர் அடுத்த முறை வந்தபோது கூப்பிட்டுக் காட்டினேன். ‘பொன்னியின்’ என்று அடித்தார், வந்தது. தலையாட்டினார். கொஞ்சம் யோசித்துவிட்டு ‘கி. ராஜநாராயணன்’ என்று அடித்தார். 3 புத்தகம் வந்தது.

“கி.ரா. இவ்வளவுதானா வச்சிருக்கீங்க? அலமாரி நிறைய இருக்கே.”

மற்றவை ‘கி. இராசநாராயணன்’ என்ற பேரில் இருந்தன.